ஆலன் காஃப்மன் பத்தின செமினார் பேப்பர்: சைட்டேஷன் எண்ணிக்கை மட்டும் போதுமா?

வணக்கம் சகோ, அமெரிக்க உளவியலாளர் ஆலன் காஃப்மனோட தாக்கத்தை எழுதணும், சைட்டேஷன் எண்ணிக்கைய (அவர் எழுதுனதை மத்த ஆய்வாளர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டினாங்கங்கிறதை) மட்டும் வெச்சு எழுதுனதை கைடு திருப்பிக் கொடுத்துட்டாருன்னு போட்டிருந்தீங்க. கைடு சொல்றது சரிதான். அவரோட வேலை ஜர்னல்ல இருந்ததை விட ஸ்கூல்ல டெஸ்ட் எடுக்கிறவங்க கையில தான் அதிகமா இருந்துச்சு.

கொலம்பியா யுனிவர்சிட்டியில உளவியலாளர் ராபர்ட் தார்ண்டைக் கிட்ட பிஎச்டி, அப்புறம் டெஸ்ட் வெளியிடுற கம்பெனியான சைக்கலாஜிக்கல் கார்ப்பரேஷன்ல, ஐக்யூ டெஸ்டுகளை உருவாக்குன டேவிட் வெக்ஸ்லர் கூடவே உக்காந்து 1974ல வந்த விஸ்க்-ஆர்ங்கிற குழந்தைகளுக்கான ஐக்யூ டெஸ்ட் வேலை. ஆனா நீங்க நிறைய எழுத வேண்டியது 1979ல வந்த 'இன்டெலிஜென்ட் டெஸ்டிங் வித் த விஸ்க்-ஆர்' புத்தகத்தைப் பத்தி தான். ஒரே ஒரு ஐக்யூ நம்பரை வெச்சு குழந்தைக்கு முத்திரை குத்தாதீங்க, எந்தப் பகுதியில தடுமாறுது, ஏன் தடுமாறுது, காது கேக்குதா, வீட்டுல என்ன பாஷை, எல்லாத்தையும் சேத்துப் பாத்து அர்த்தம் சொல்லுங்கன்னு ஒரு முறையையே கொடுத்தாரு, எனக்கு அவர் செஞ்சதுலயே பெருசு இதுதான். பின்னாடி, மார்க்கை சப்டெஸ்ட் (டெஸ்டுக்குள்ள இருக்கிற சின்னப் பகுதி) வாரியா பிரிச்சுப் படிக்கிறதுக்கு போதுமான ஆதாரம் இல்லைன்னு மெக்டெர்மாட், கிளட்டிங் மாதிரி ஆய்வாளர்கள் எல்லாம் கடுமையா எதிர்த்தாங்க, அதையும் கண்டிப்பா சேருங்க, எதிர்ப்பும் தாக்கம் தானே.

1983ல மனைவி நடீனோட சேந்து கே-ஏபிசிங்கிற குழந்தைகளுக்கான அறிவுத்திறன் டெஸ்டைக் கொண்டு வந்தாரு.

அப்புறம் ஜார்ஜியா யுனிவர்சிட்டியில அவர்கிட்ட படிச்ச மாணவர்களைத் தேடுங்க: செசில் ரெனால்ட்ஸ், ராண்டி காம்ப்ஹாஸ், ஜாக் நாக்லியரி. முதல் ரெண்டு பேரும் குழந்தைகளோட நடத்தைய மதிப்பிடுற பாஸ்க் கொண்டு வந்தாங்க, நாக்லியரி நம்ம ஒடிசாக்காரர் ஜே.பி. தாஸோட சேந்து 1997ல சிஏஎஸ்ங்கிற அறிவுத்திறன் டெஸ்ட். இதை ஒரு வம்சாவளி படமா வரைஞ்சு கைடு கிட்ட காட்டுங்க.