மீட்டவரையே அவள் காதலிக்கலாமா?

வணக்கம். உங்கள் கதையில், ஆள்கடத்தல் கும்பலிடமிருந்து மீட்கப்பட்ட மீனா, மீட்ட அதிகாரியை மூன்றாம் அத்தியாயத்திலேயே காதலிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். படித்த தோழிக்கு அது உறுத்தியது என்கிறீர்கள். அவர் உறுத்தல் சரியானதுதான். அவள் எங்கே தங்குவது, வாக்குமூலம் எப்போது தருவது என்பதெல்லாம் அந்த அதிகாரி கையில் இருக்கும்போது, அவளால் எப்படி மனதார 'வேண்டாம்' என்று சொல்ல முடியும்? கடத்தியவர்களும் காதல் என்று நம்பவைத்துத்தானே அவளைக் கூட்டிப்போனார்கள்!

காதலை வழக்கு முடிந்தபின் வையுங்கள். அல்லது வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவரோடு வையுங்கள். எனக்கு இதுதான் பிடிக்கிறது.

பூட்டை உடைக்கும் காட்சியையும் கொஞ்சம் யோசியுங்கள். பெரும்பாலும் பூட்டே இருக்காது. தீராத கடன், பிடுங்கி வைத்த பாஸ்போர்ட், வீட்டாருக்கு மிரட்டல் போதும். அவள் 'சம்மதித்தாள்' என்று வில்லன் வாதாடினால் அது செல்லாது. ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதத்துக்கு மதிப்பில்லை என்று ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான 2000-ஆம் ஆண்டின் ஐ.நா. பலேர்மோ நெறிமுறையே சொல்கிறது. கதவு திறந்தும் அவள் வெளியே வராமல், கையிலிருக்கும் கடன் நோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கட்டும். சஸ்பென்ஸ் அங்கே இருக்கிறது.

கதையில் விசுவாசம் வரும் இடத்துக்கு, வேதத்தில் அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். குறிசொல்லும் அடிமைப்பெண்ணால் எஜமான்களுக்கு நல்ல வருமானம். பவுல் அவளைக் குறிசொல்லும் ஆவியிலிருந்து விடுவித்ததும், அவருக்கும் உடனிருந்த சீலாவுக்கும் அடியும் சிறையும். அதன்பின் அவள் என்ன ஆனாள் என்று வேதம் சொல்லவில்லை. உங்கள் மீனாவின் கதையை அங்கிருந்து தொடங்குங்களேன். திருத்தியதும் போடுங்கள், கட்டாயம் படிக்கிறேன்.