பெட்ஷீட் மாத்தற பையன் எப்ப மேனேஜர் ஆவான்னு கேட்ட அம்மாவுக்கு

வணக்கம்மா. உங்க வாய்ஸ் மெசேஜ் ரெண்டையும் கேட்டேன். ரெண்டாவதுல நீங்க அழுதுட்டீங்க, அதான் போன் பண்றதுக்கு முன்னாடி எழுதிடலாம்னு தோணுச்சு, எழுதுனா உங்க பையனுக்கும் காட்டலாம்ல.

நீங்க சொன்னது எனக்கு புரிஞ்ச வரைக்கும் இதுதான். கடன வாங்கி ஹோட்டல் மேனேஜ்மென்ட் சேத்தோம், இப்ப ட்ரெயினிங்னு சென்னைக்கு அனுப்பிட்டாங்க, அங்க போய் எவனோ படுத்த பெட்ஷீட்ட மாத்தறான், பாத்ரூம் தேய்க்கறான், ஒரு நாளைக்கு 14 ரூம், ராத்திரி போன் பண்ணி கால் வலிக்குதுங்கறான், பேசாம நிறுத்திட்டு பிபிஏ, எம்பிஏன்னு போனா நேரா மேனேஜர் ஆயிடலாம்ல. சொந்தக்காரங்க வேற சர்வர் வேலைக்கா அனுப்புனீங்கன்னு கேக்கறாங்களாம். அவங்கள விடுங்க, இன்ஜினியரிங் சேத்திருந்தா வேலை கெடச்சுதான்னு கேட்டிருப்பாங்க.

நேரா மேனேஜர் ஆகறதுங்கறது சர்வீஸ் தொழில்ல ஒப்பேறாதும்மா. ஃபேக்டரில ஒரு பொருள் கோணலா வந்தா வெளிய போறதுக்குள்ள எடுத்து ஓரமா போட்டுடலாம். ஹோட்டல், ஆஸ்பத்திரி, பேங்க் இதுலெல்லாம் அப்படி முடியாது, வேலை நடக்கறதே கஸ்டமர் கண்ணு முன்னாடிதான், அந்த நேரத்துல அங்க நிக்கறது கவுன்டர்ல இருக்கற பொண்ணு இல்லாட்டி தட்ட கொண்டுவர பையன், மேனேஜர் எங்கயோ மீட்டிங்ல இருப்பாரு. அந்த பையனும் பொண்ணும் சரியா முடிவெடுக்கற மாதிரி ஆளுங்கள தயார் பண்றதுதான் அவரோட வேலையே. ஒரு ரூம் ஒழுங்கு பண்ண எவ்வளவு நேரமாகும், எங்க இடுப்பு புடிக்கும், லினன், அதான் துவைச்ச பெட்ஷீட் டவலெல்லாம், லேட்டா வந்தா என்ன ஆகும்னு தெரியாதவன் 16 ரூம் முடின்னு சொன்னா யார் கேப்பா? முகத்துக்கு முன்னாடி தலையாட்டிட்டு போயிடுவாங்க.

உங்க மாமியாருக்கு மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரில கண்புரை ஆபரேஷன் பண்ணுனதா சொன்னீங்கள்ல, அன்னைக்கு நடந்தத கொஞ்சம் நெனச்சு பாருங்க. டாக்டர் எத்தன நிமிஷம் பக்கத்துல இருந்தாரு? சொட்டு மருந்து விட்டது, பார்வை டெஸ்ட் பண்ணது, கைய புடிச்சு கூட்டிட்டு போனது எல்லாம் அந்த சிஸ்டர் புள்ளைங்கதான். அதுல நெறைய பேர் சுத்துப்பட்டு கிராமங்கள்ல ப்ளஸ் டூ முடிச்சுட்டு வந்த பொண்ணுங்க, ரெண்டு வருஷம் அங்கயே ட்ரெயினிங் குடுக்கறாங்க. டாக்டர் வெங்கடசாமி கவர்மென்ட் வேலைல ரிட்டயர் ஆனப்புறம் 1976ல வெறும் 11 பெட்டோட ஆரம்பிச்ச எடம் அது. தியேட்டர்ல ஒரு டாக்டருக்கு ரெண்டு டேபிள் போட்டிருப்பாங்க, ஒண்ணுல ஆபரேஷன் நடக்கறப்பவே அடுத்ததுல இன்னொருத்தர ரெடி பண்ணி வெச்சிருவாங்க, டாக்டர் முடிச்சதும் அந்தப் பக்கம் போக வேண்டியதுதான். டாக்டரால மட்டும் முடியற வேலைய டாக்டர் பாக்கறாரு, மிச்சத்த அந்தந்த வேலைல கை தேர்ந்தவங்க பாக்கறாங்க, அதுல யாரும் சின்ன ஆள் இல்ல. ஆபரேஷனுக்கப்புறம் எத்தன பேருக்கு சிக்கல் வந்துச்சு, ஏன் வந்துச்சுன்னு கணக்கெடுத்து பேசுவாங்க. இப்படி தாங்க கத்துக்கிட்டத மத்த ஆஸ்பத்திரிகளுக்கும் சொல்லிக்குடுக்கணும்னே 1992ல லைகோன்னு தனி நிறுவனம் ஆரம்பிச்சாங்க. உங்க ஊர்லயே இருக்கும்மா பாடம், எம்பிஏல இததான் கேஸ் ஸ்டடின்னு படிக்க வெக்கறாங்க.

என் கதை ஒண்ணு சொல்றேன். இந்த கவுன்சிலிங்குக்கு வரதுக்கு முன்னாடி நானும் ஹோட்டல்ல இருந்தவன்தான், பேரு வேணாம். அடுத்த ஷிஃப்ட் ஆளுக்கு சேதி எழுதி வெக்கற லாக் புக்ல நைட் ஷிஃப்ட் பையன் எழுதி வெச்சிருந்தான், இந்த ரூம் பெரியவருக்கு சுகர், காலைல 6 மணிக்கே டிபன் வேணும்னு. காலைல வந்தவன் அந்த பக்கத்த பாக்கல, பெரியவரு மயக்கம் வர்ற மாதிரி லாபில உக்காந்துட்டாரு. மேனேஜர் அத்தன கெஸ்ட் முன்னாடி ரெண்டு பசங்களையும் கிழிச்சாரு, எழுதுனவனையும் சேத்து. அதுக்கப்புறம் ஆறு மாசம் அந்த லாக் புக்ல ஆல் ஓகேங்கறத தவிர ஒரு வரி கெடையாது. தப்பு குறையலம்மா, எழுதறதுதான் நின்னுச்சு. அடுத்து நான் சேந்த எடத்துல இதே மாதிரி ஒண்ணு நடந்தப்ப அங்க மேனேஜரா இருந்த மேடம் தப்பு பண்ணது யார்னு கேக்கல, எந்த எடத்துல விட்டுப்போச்சுன்னு கேட்டாங்க, மறுநாள்லருந்து ஷிஃப்ட் மாறும்போது ரெண்டு பேரும் நின்னு லாக் புக்க வாய்விட்டு படிச்சுட்டுத்தான் கையெழுத்து போடணும்னு ஆச்சு. அஞ்சு நிமிஷ வேலை. அங்க நாலு வருஷம் இருந்தேன், சம்பளம் கம்மிதான், ஆனா இன்னைக்கு எனக்கு தெரிஞ்சதுல பாதி அங்க கத்துக்கிட்டது.

ஹார்வர்ட்ல ஏமி எட்மண்ட்சன்னு ஒரு பேராசிரியை 1990கள்ல ஆஸ்பத்திரிகள்ல மருந்து மாத்தி குடுக்கற தப்புகள பத்தி ஆராய்ச்சி பண்ணாங்க. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பாத்தா, நல்ல தலைமை இருக்கற வார்டுலதான் தப்பு ஜாஸ்தியா பதிவாகியிருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, அங்க பயமில்லாம சொல்றாங்க, மத்த எடத்துல மறைக்கறாங்க.

அதனால தம்பிகிட்ட கால் வலிக்குதாப்பான்னு மட்டும் கேக்காதீங்க. காலைல வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் கூடிப் பேசற ப்ரீஃபிங் நடக்குதா, அதுல சூப்பர்வைசர் மட்டும் பேசறாரா இல்ல ரூம் பசங்களும் பேசறாங்களா, நேத்து ஏதாவது சொதப்புச்சுன்னா இன்னைக்கு அத பத்தி என்ன பேசுனாங்க, இதெல்லாம் கேளுங்க. கேம்பஸ் இன்டர்வியூ வரப்ப அவனுக்கு அதான் பெரிய சரக்கு, லீடர்ஷிப் குவாலிட்டி இருக்கான்னு கேட்டா எல்லா பசங்களும் ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் கேப்டனா இருந்தேன்பானுங்க, இவன் லினன் பத்தாம போன அன்னைக்கு நாங்க நாலு பேர் சேந்து எப்படி சமாளிச்சோம்னு சொன்னான்னா வேலை கெடச்ச மாதிரிதான்.

ஆனா ஒண்ணு, எல்லாத்தையும் பொறுத்துக்கணும்னு நான் சொல்லல. ட்ரெயினிங்ல ரிசப்ஷன் பாக்கற ஃப்ரன்ட் ஆபீஸ், ரூம் சுத்தம் பண்ற ஹவுஸ்கீப்பிங், கிச்சன், சாப்பாடு பரிமாறற சர்வீஸ்னு நாலையும் சுத்தி காட்டணும். ஆள் பத்தலன்னு மொத்த காலமும் ஒரே எடத்துல போட்டு தேய்ச்சாங்கன்னா, இல்ல தினமும் 14 மணி நேரம் நிக்க வெச்சாங்கன்னா அது ட்ரெயினிங் இல்ல, ஓசில ஆள் புடிக்கறது, உடனே காலேஜ்ல ட்ரெயினிங் பாக்கற சார்கிட்ட எழுத்துல குடுங்க. ஆரம்ப சம்பளம் கம்மிதான், தீபாவளிக்கு லீவு கெடைக்காது, இதையும் இப்பவே தெரிஞ்சுக்கோங்க. எம்பிஏ ஓடிப்போகாது, ரெண்டு மூணு வருஷம் வேலை பாத்துட்டு போனா க்ளாஸ்ல சொல்றது மண்டைல ஏறும். ஹோட்டல் பிடிக்கலன்னா ஆஸ்பத்திரி, ஏர்லைன்ஸ்னு மாறவும் வழி இருக்கு.

வெள்ளிக்கிழமை பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டிருக்கேன், போய் கூட்டிட்டு வந்துடறேன்னீங்க. கேன்சல் பண்ணாதீங்க, போயிட்டு வாங்க, பையன பாத்து ஒரு வேளை நல்லா சாப்பிட வெச்சுட்டு வாங்க. பெட்டிய மட்டும் கட்ட வேணாம். அப்புறம் அவனுக்கு வீக்லி ஆஃப் என்னைக்குன்னு கேட்டுட்டு கெளம்புங்க, ஹோட்டல் ஆளுங்களுக்கு சனி ஞாயிறு லீவு இருக்காது.