வயிற்றுத் தழும்பு சொல்லாததை டாக்டரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் எடையைக் குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது ஊர் மாறிவிட்டேன். மூட்டுவலிக்காக முதல் முறையாக ஒரு பொது மருத்துவரைப் பார்க்கப் போகிறேன். பழைய ஆபரேஷனைப் பற்றி அவரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்?

பதில்: உட்கார்ந்ததும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், மூட்டுவலி அப்புறம். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாக, செய்திருந்தால் உங்கள் வயிற்றில் நான்கைந்து சின்னத் தழும்புகள்தான் இருக்கும். பித்தப்பையை எடுத்தவருக்கும் கிட்டத்தட்ட அதே தழும்புகள்தான். அதைப் பார்த்து உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

'எடை ஆபரேஷன்' என்று மட்டும் சொன்னால் போதாது, ஸ்லீவா பைபாஸா என்று வகையையும் சொல்ல வேண்டும். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குறுகிய குழாயாக விட்டிருப்பார்கள். குடலைத் தொட்டிருக்க மாட்டார்கள். பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சின்னப் பையை அமைத்து, சிறுகுடலை அதோடு நேராக இணைத்திருப்பார்கள். சாப்பாடு சிறுகுடலின் முதல் பகுதிக்குள் போகாமலே இறங்கிவிடும். இரண்டுக்கும் வரும் சிக்கல்கள் வேறு, தவிர்க்க வேண்டிய மருந்துகளும் வேறு. வெறுமனே 'பைபாஸ் செய்திருக்கிறேன்' என்று சொல்லாதீர்கள், கேட்பவர் இதய ஆபரேஷன் என்று நினைத்துக்கொள்வார். 'இரைப்பை பைபாஸ்' என்றே சொல்லுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும் கையில் இல்லையென்றால், ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் நகல் கேளுங்கள். கூடவே ஒரு தாளில் ஆபரேஷனின் பெயர், தேதி, அதற்கு முன்பிருந்த எடை, பிறகு எட்டிய குறைந்தபட்ச எடை, இன்றைய எடை, சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அளவோடு என்று எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடும் வைட்டமினும் அதில் இருக்கட்டும். முடி கொட்டுகிறதே என்று பலர் சாப்பிடும் பயோட்டின், அளவு கூடினால், தைராய்டு பரிசோதனையின் முடிவையே தப்பாகக் காட்டும். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு அதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடை மீண்டும் ஏறியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அது நிறையப் பேருக்கு நடப்பதுதான், அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

இனி மூட்டுவலி. வலிக்கு வழக்கமாக எழுதித் தரும் டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென், நாப்ராக்சன் போன்றவை பைபாஸ் ஆனவருக்கு ஆபத்து. பையும் குடலும் சேரும் தையல் இடத்தில் புண் வரும், அதில் ரத்தம் கசியலாம், ஓட்டையே விழலாம். புகைபிடித்தால் ஆபத்து இன்னும் கூடும். ஸ்லீவ் ஆனவர்களும் இந்த மாத்திரைகளை முடிந்தவரை தவிர்ப்பது நல்லது. பாராசிட்டமால், மேலே தடவும் மருந்து, இயன்முறைப் பயிற்சி என்று வழிகள் இருக்கின்றன. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறீர்கள் என்றால் நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டர் முடிவு செய்யட்டும்.

மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் பைபாஸுக்குப் பிறகு முழுதாக உறிஞ்சப்படாமல் போகலாம். அவற்றைப் பொடித்துச் சாப்பிடாதீர்கள், சாதாரண மாத்திரையாகவோ திரவமாகவோ மாற்றித் தரச் சொல்லுங்கள். கருத்தடை மாத்திரையையும் பைபாஸுக்குப் பிறகு நம்ப முடியாது. சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகள் பழைய எடைக்கு எழுதிய அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தால் தலைசுற்றலும் தாழ்சர்க்கரையும் வரும்.

ரத்தப் பரிசோதனை ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. இங்கேதான் அதிகம் தவறுகிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், அந்தச் சேமிப்பு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். கால்சியமும் அப்படித்தான். குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் சரிக்கட்டிவிடும், ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வரும். எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க வைக்கும் பாராதைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் டி-யையும் பார்த்தால்தான் உண்மை தெரியும். கல்லீரலில் இருக்கும் பி12 சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும், தீர்வது உங்களைப்போல் நான்காம் ஆண்டு வாக்கில் இருக்கலாம். பாதம் மரத்துப்போகிறதா என்று கவனியுங்கள். ஃபோலேட், ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள புரதம்), தயமின் (வைட்டமின் பி1), பைபாஸ் என்றால் துத்தநாகம், தாமிரம், வைட்டமின் ஏ ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

கால்சியம் நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், சிட்ரேட் வகையாக, ஒரு வேளைக்கு 500-600க்கு மேல் போகாமல். இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் ஏறாது. புரதம் நாளைக்குக் குறைந்தது 60 கிராம்.

கர்ப்பமாக இருந்து, குளுக்கோஸ் கரைசல் குடித்துச் சர்க்கரை பார்க்கச் சொன்னால், பைபாஸ் ஆனதைச் சொல்லுங்கள். அந்தக் கரைசலைக் குடித்தால் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரை போகலாம். சில நாள் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்து வருவது மாற்று வழி.

தாளின் பின்பக்கத்தில் இரண்டு விஷயங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் இருப்பவர்களிடமும் காட்டி வையுங்கள். ஒன்று: வாந்தி நாள்கணக்கில் நிற்காமல் போனால், குளுக்கோஸ் டிரிப் ஏற்றும் முன் தயமின் ஊசி போட வேண்டும். தயமின் தீர்ந்த உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். இரண்டு: பைபாஸ் ஆனவருக்குத் திடீரென்று கடுமையான வயிற்றுவலி வந்தால், எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும், உள்ளே ஏதாவது இடைவெளியில் குடல் சிக்கியிருக்கலாம். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறதே என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. அன்றைக்கே சிடி ஸ்கேன் எடுத்து, இந்த ஆபரேஷன் தெரிந்த அறுவை மருத்துவர் ஒருவர் பார்க்க வேண்டும்.