பதில்: இறக்கிய ஆற்று ஓட்டத் தரவு சில மாதத்தில் மாறிவிட்டது, எதை நம்புவது?

வணக்கம். அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் தளத்திலிருந்து ஆய்வேட்டுக்காக எடுத்த தினசரி ஓட்டம், மறுபடி இறக்கியபோது அதே தேதிகளுக்கு வேறு எண்களைக் காட்டுகிறது என்கிறீர்கள். பயப்பட வேண்டாம், உங்கள் கோப்பில் தப்பில்லை.

கரையில் இருக்கும் கருவி ஓட்டத்தை அளப்பதே இல்லை. பெரும்பாலும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தை மட்டும் பதிகிறது. இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று ஒரு வளைகோடு வைத்துக் கணக்கிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான். ஒரு வெள்ளம் படுகையை அரித்தாலோ, மணலைக் கொண்டுவந்து கொட்டினாலோ அதே மட்டத்தில் ஓடும் தண்ணீரின் அளவு மாறிவிடும். கோடைப் பாசியும் குளிர்காலப் பனிக்கட்டியும்கூட இதே வேலையைச் செய்யும். அதனால்தான் ஆட்கள் சுமார் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை நேரில் போய் ஓட்டத்தை அளந்து, வளைகோட்டைத் திருத்துகிறார்கள். அப்போது ஏற்கனவே வெளியான தற்காலிக எண்களும் மாறிவிடும். நியூ மெக்சிகோவின் எம்புடோவில் 1889-இல் இத்துறையின் முதல் அளவை நிலையம் அமைந்த காலத்திலிருந்தே ஆற்றில் இறங்கி அளப்பவர்களின் உழைப்பில்தான் இந்த எண்கள் நிற்கின்றன. எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் உள்ள குறியைப் பாருங்கள். ‘பி’ (P) என்றால் தற்காலிகம், ‘ஏ’ (A) என்றால் சரிபார்த்து ஏற்கப்பட்டது. ‘ஏ’ உள்ளதை மட்டும் எடுங்கள். கூடவே ‘இ’ (e) இருந்தால் அது மதிப்பீடு. உச்ச வெள்ளக் கணக்கில் அதைக் கவனமாகக் கையாளுங்கள். அப்புறம், தரவை இறக்கிய தேதியை ஆய்வேட்டில் கட்டாயம் எழுதுங்கள்.