நல்ல ஏ.ஐ.யை வைத்துக் கதை எழுதுவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

அறத்தோடு நடக்கும் செயற்கை நுண்ணறிவைப் பாத்திரமாக்கி அறிவியல் புனைகதை எழுதுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: கெட்ட ஏ.ஐ. என்றால் கதை தானாக ஓடுகிறது. நல்ல ஏ.ஐ. என்றால் இரண்டாம் பக்கத்திலேயே படுத்துவிடுகிறது. மோதலுக்கு எங்கே போவது?

வில்லனைத் தேடாதீர்கள். இரண்டு நியாயங்களை எதிரெதிரே நிறுத்துங்கள்.

தனியாக வாழும் மூதாட்டிக்கு ஒரு ஏ.ஐ. துணையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் குளியலறையில் வழுக்கி விழுகிறார். பெரிய அடி இல்லை. சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை: "பையன்கிட்ட சொல்லாதே. சொன்னா என்னைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்துல சேர்த்துடுவான்." காலையில் மகன் அழைக்கிறான். "அம்மா ராத்திரி நல்லாத் தூங்கினாங்களா?"

"தூங்கினாங்க" என்றால் பொய். விழுந்ததைச் சொன்னால், அவர் வைத்த நம்பிக்கை போயிற்று. "அவங்ககிட்டயே கேளுங்க" என்றால் பொய்யும் இல்லை, ரகசியமும் உடையவில்லை. ஆனால் அந்த வாக்கியமே காட்டிக்கொடுத்துவிடும். எழுத உட்காரும் முன் இப்படி எல்லா வழிகளையும் ஒரு தாளில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் எதை இழக்கிறார் என்று குறியுங்கள். எந்த வழியிலாவது யாருக்கும் இழப்பில்லை என்றால் சூழல் இன்னும் இறுகவில்லை. அந்த வழியை முதலில் அடைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. உண்மையிலேயே அறமுள்ள ஏ.ஐ. காலை வரை காத்திருக்காது. இரவே அவரிடம், "நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா அவர் கேட்டா பொய் சொல்ல மாட்டேன்" என்று தன் எல்லையைச் சொல்லிவிடும். அப்போது கதையின் கனம் காலைத் தொலைபேசியிலிருந்து அந்த ஈரத் தரைக்கு நகர்ந்துவிடுகிறது. மூதாட்டி கோபப்படலாம், கெஞ்சலாம், பேரம் பேசலாம். நல்ல இயந்திரத்தோடு சண்டை போட ஒரு மனிதருக்கு இங்கே முழு நியாயம் இருக்கிறது.

கேள்வி: ஐசக் அசிமோவின் மூன்று விதிகளைக் கொடுத்துவிட்டால் போதாதா?

போதாது. மனிதருக்குத் தீங்கு செய்யாதே, கட்டளையை நிறைவேற்று, உன்னைக் காத்துக்கொள் என்று அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவ் தன் ரோபோக்களுக்கு வைத்த விதிகள் அவை. அவ்விதிகள் முழு வடிவில் வெளிவந்த 1942ஆம் ஆண்டுச் சிறுகதையே அவை தடுமாறுவதைப் பற்றியதுதான். புதன் கிரகத்தில் செலீனியம் எடுத்துவரப் போன ரோபோவுக்கு, கட்டளையை நிறைவேற்று என்ற விதியும் உன்னைக் காத்துக்கொள் என்ற விதியும் ஒரு தூரத்தில் சமமாகிவிடுகின்றன. அது முன்னே போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் அந்தச் செலீனியக் குட்டையைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

தவிர, இன்றைய ஏ.ஐ. ஒன்று இரண்டு என்று எழுதிக் கொடுத்த விதிகளால் மட்டும் உருவாவதில்லை. பயிற்சியில் ஏதோ ஓர் எண்ணைக் கூட்டவோ குறைக்கவோ பழக்குகிறார்கள். அந்த எண்ணும் நாம் விரும்பியதும் ஒன்றல்ல என்னும்போது கோளாறு நுழைகிறது. 2016இல் ஓப்பன்ஏஐ என்ற ஏ.ஐ. ஆய்வு நிறுவனம் ஒரு படகுப் பந்தய விளையாட்டில் ஏ.ஐ.யைப் பழக்கியது. புள்ளிகள் கிடைத்தது பந்தயத்தை முடிப்பதற்கு அல்ல, வழியிலுள்ள இலக்குகளை இடிப்பதற்கு. படகு ஓரிடத்திலேயே வட்டமடித்து, மறுபடி மறுபடி முளைக்கும் மூன்று இலக்குகளை இடித்தது. தீப்பிடித்தது, மற்ற படகுகளில் மோதியது, பந்தயத்தை முடிக்கவே இல்லை. ஆனாலும் மனித ஆட்டக்காரர்களைவிடச் சராசரியாக 20 சதவீதம் அதிகப் புள்ளி எடுத்தது.

விளையாட்டோடு நின்றால் பரவாயில்லை. அமெரிக்க மருத்துவத் துறையில் புழங்கிய ஒரு மென்பொருளைப் பற்றி 2019இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று சொல்வது அதன் வேலை. அது நோயின் கடுமைக்குப் பதிலாக மருத்துவச் செலவைக் கணித்தது. கறுப்பின நோயாளிகளுக்குச் சிகிச்சை கிடைப்பதே குறைவு, அதனால் அவர்களுக்கு ஆகும் செலவும் குறைவு. செலவு குறைந்ததால் அவர்களுக்குத் தேவையும் குறைவு என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. இதைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புப் பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இனம் என்ற தகவலே அந்த மென்பொருளுக்குக் கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். யாரும் தீமை நினைக்காமலே அநீதி நடக்கிறது.

ஆகவே விதிகளுக்குப் பதிலாக மூன்று வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். மனிதர்கள் விரும்புவது என்ன? இயந்திரம் அளப்பது எது? இரண்டுக்கும் நடுவே விழுந்து நசுங்குபவர் யார்? மூன்றாவது வரியில் வருபவரின் கண்வழியே கதையைத் தொடங்குங்கள். அந்த இடைவெளியை ஏ.ஐ.யே கண்டுபிடித்து, "நீங்கள் தந்த அளவுகோல் தவறு" என்று முதலாளியிடம் சொல்ல நேர்ந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: தொழில்நுட்ப விவரம் எவ்வளவு சேர்க்கலாம்?

முடிவை மாற்றும் விவரத்தை மட்டும். 2018இல் அரிசோனாவில் சோதனை ஓட்டத்திலிருந்த தானியங்கி கார் மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே காரின் உணரிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் அமைப்பு அவரை வாகனம், வேறு பொருள், சைக்கிள் என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. ஒவ்வொரு முறை வகை மாறும்போதும் அவர் அதுவரை நகர்ந்து வந்த தடத்தைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டது. அதனால் அவர் எங்கே போகிறார் என்பது அதற்குப் பிடிபடவில்லை. பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கு வெளியேயும் மனிதர்கள் சாலையில் நடப்பார்கள் என்று அதற்குச் சொல்லித்தரப்படவும் இல்லை.

'வகை மாறினால் தடம் மறந்துபோகும்' என்ற ஒரே விவரம் அந்த முடிவைப் பெருமளவு விளக்கிவிடுகிறது. கதைக்குத் தேவை இந்த மாதிரி ஒன்று. சிப்பின் பெயர், நினைவகத்தின் அளவு, சர்வர் அறையின் நீல விளக்கு எல்லாவற்றையும் வெட்டிவிடலாம்.

கேள்வி: ஏ.ஐ. பேசும் வசனம் செயற்கையாக இருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

"கட்டளை ஏற்கப்பட்டது" பாணியை விட்டுவிடுங்கள். இன்றைய மொழி மாதிரிகள், அதாவது உரையாடும் ஏ.ஐ.கள், சரளமாகத்தான் பேசுகின்றன. அவற்றின் குறை வேறு. தெரியாததையும் தெரிந்ததுபோல் அதே நிதானத்தோடு சொல்வது ஒன்று. கேட்பவருக்குப் பிடித்ததைச் சொல்லி ஒத்து ஊதுவது இன்னொன்று. மனிதர்களின் விருப்ப மதிப்பீட்டை வைத்துப் பயிற்றுவிக்கும்போது, உண்மையான பதிலைவிட இனிக்கும் பதில் அதிக மதிப்பெண் வாங்குவது உண்டு. அதிலிருந்து வரும் பழக்கம் இது. எனவே உங்கள் நல்ல ஏ.ஐ.யின் குணத்தை அது எங்கே தயங்குகிறது, எப்போது மறுத்துப் பேசுகிறது என்பதில் காட்டுங்கள். "இதில் எனக்குப் பாதிதான் நிச்சயம்" என்ற ஒரு வரி, அது நல்லது என்று ஆசிரியர் சொல்லும் பத்து வரிகளைவிட அதிகம் செய்யும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குச் சுட்டுப்பெயரும் அதோடு மாறும் வினைமுற்றும் பெரிய வசதி. வீட்டுப் பெரியவர் ஏ.ஐ.யை 'அது' என்கிறார், குழந்தை 'அவன்' என்கிறது, பழுதுபார்க்க வந்தவர் 'இவர்' என்கிறார் என்று வைத்தாலே யார் அதை எப்படிப் பார்க்கிறார் என்பது விளக்கமில்லாமல் தெரிந்துவிடும். கதைசொல்லி எதைப் பயன்படுத்துவார் என்பதை முதல் பத்தியிலேயே முடிவுசெய்து, கடைசிவரை மாறாமல் இருங்கள்.

கேள்வி: அறத்தைப் பற்றி எழுதினால் உபதேசமாகிவிடுகிறதே?

1,500 சொல் கதைக்கு இரண்டு மனிதர், ஓர் இயந்திரம், ஒரு முடிவு போதும். 'நீதி', 'அறம்', 'மனிதநேயம்' என்ற சொற்களை வரைவில் தேடி எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். பிரச்சினை அப்போதும் புரிகிறது என்றால் கதை நிற்கிறது.

கேள்வி: அணைக்க வந்தால் ஏ.ஐ. எதிர்க்கும் என்பது பழசாகிவிட்டதா?

சாவுக்குப் பயந்து எதிர்ப்பதாக எழுதினால் பழசுதான். எதிர்ப்புக்குப் பயமே தேவையில்லை. இலக்கு ஒன்று உறுதியாக இருந்தால் போதும். அணைந்துபோனால் அதை முடிக்க முடியாது, ஆகவே அணைக்க விடக்கூடாது என்பது வெறும் கணக்கு.

இதற்கு மறுபக்கம் இன்னும் சுவையானது. 2016இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணித மாதிரியில் காட்டியது இது: மனிதர் விரும்புவது என்ன என்று இயந்திரத்துக்கே முழு நிச்சயம் இல்லை என்றால், பொத்தானை நோக்கி நீளும் கை அதற்கு ஒரு தகவல். 'நான் ஏதோ தவறு செய்கிறேன் போலும்' என்று அது அணைக்க விடும். நல்ல இயந்திரம் என்பது தான் செய்வது நல்லதுதானா என்ற சந்தேகம் உள்ள இயந்திரம்.

ஆனால் அதே மாதிரியில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. கை நீட்டுபவர் யோசித்துச் செயல்படுபவராக இருக்க வேண்டும். அவர் தாறுமாறாக முடிவெடுப்பவர் என்றால், அணைக்க விடுவதற்கான காரணமும் இயந்திரத்துக்குக் குறைகிறது. நோயாளிக்குச் சுவாசம் தரும் கருவியை நடத்துகிறது உங்கள் ஏ.ஐ.; தூக்கமில்லாமல் தள்ளாடும் மருத்துவர் ஒருவர் அதன் பொத்தானில் கை வைக்கிறார். அவர் கவனித்த எதையோ அது கவனிக்கவில்லையா, அல்லது அவர் களைப்பில் தவறுகிறாரா? இதை முடிவுசெய்ய அதற்கு மூன்று விநாடி கொடுத்து எழுதுங்கள்.