கிரான்பெர்ரி யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 34. ஆண்டுக்கு நான்கைந்து முறை சிறுநீர்த் தொற்று வந்து, எரிச்சலும் கடுப்பும் பாடாய்ப் படுத்துகின்றன. ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்குப் பதிலாகக் கிரான்பெர்ரிச் சாறு குடித்தால் குணமாகுமா?

பதில்: வந்துவிட்ட தொற்றைக் கிரான்பெர்ரி என்னும் புளிப்பான சிறு சிவப்புப் பழம் குணப்படுத்தாது, அடுத்த தொற்று வராமல் தடுப்பதில்தான் அதற்குப் பங்கு உண்டு. சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான ஈ.கோலை பாக்டீரியா, தன் உடலின் மேலுள்ள நுண்ணிய இழைகளால் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொண்ட பிறகே அங்கே பெருகத் தொடங்குகிறது. கிரான்பெர்ரியில் உள்ள ஏ-வகைப் புரோஆந்தோசயனிடின்கள் என்னும் தாவர வேதிப்பொருள்கள் அந்தப் பிடிப்பைத் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஒட்ட இடம் கிடைக்காத கிருமி சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. கிருமியை இது கொல்வதில்லை என்பதால், சுவரில் ஏற்கெனவே வேரூன்றிவிட்ட தொற்றுக்கு ஆன்டிபயாட்டிக்தான் மருந்து. சாறு சிறுநீரை அமிலமாக்கிக் கிருமியை அழிக்கிறது என்ற பழைய விளக்கத்தை இன்றும் பலர் சொல்லக் கேட்கிறேன். வழக்கமாகக் குடிக்கும் அளவுக்கு அப்படியொரு மாற்றம் நிகழ்வதில்லை.

தடுக்கும் ஆற்றல் பற்றியும் மருத்துவ உலகம் நெடுநாள் தயங்கியே வந்தது. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2012-இல் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றே எழுதியது. 50 ஆய்வுகளையும் ஏறத்தாழ 8,900 பேரையும் உள்ளடக்கிய 2023-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்த முடிவு மாறியது: அடிக்கடி தொற்று வரும் பெண்களிடம் மீண்டும் தொற்று வரும் வாய்ப்பு கால் பங்கும், குழந்தைகளிடம் பாதிக்கு மேலும் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் இரண்டு முறையோ ஓராண்டில் மூன்று முறையோ வந்தால் அதை 'அடிக்கடி வரும் தொற்று' என்கிறோம். நீங்கள் அந்த வரம்புக்குள் வருவதால், சிறுநீரில் உள்ள கிருமி எது என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனை செய்து, இப்போதுள்ள தொற்றுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்து முடித்த பின் சில மாதங்கள் முயன்று பார்க்கலாம். குளிர்காய்ச்சல், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி ஆகியவை சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கக்கூடும் என்பதால், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 84, முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. இருவருக்குமே சிறுநீரில் கிருமி இருப்பதாக ரிப்போர்ட் வந்துள்ளது. இருவருக்கும் கொடுக்கலாமா?

பதில்: இருவருக்குமே இதனால் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லங்களில் இருந்த 185 மூதாட்டியருக்கு ஓராண்டுக் காலம் கிரான்பெர்ரி கேப்ஸ்யூலோ வெற்றுக் கேப்ஸ்யூலோ கொடுத்துப் பார்த்ததில், குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை என்று யேல் பல்கலைக்கழகக் குழுவினர் 2016-இல் அறிவித்தனர். காக்ரேன் தொகுப்பும் முதியோர் இல்லவாசிகள், கர்ப்பிணிகள், சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாதவர்கள் ஆகியோருக்குப் பலனைக் காணவில்லை. தங்கள் தாயாருக்கு எரிச்சல், காய்ச்சல் போன்ற அறிகுறிகள் இல்லையென்றால் பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது. மகளின் நிலை வேறு: கர்ப்ப காலத்தில் அறிகுறி இல்லாத கிருமியும் சிறுநீரகத்துக்குப் பரவக்கூடும் என்பதால், அதற்கு உரிய மருந்து எடுத்தே ஆக வேண்டும். சாற்றை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உள்ளது. கடையில் விற்கும் உலர்ந்த கிரான்பெர்ரி தினமும் ஒரு கைப்பிடி சாப்பிடுகிறேன். நல்லதுதானே?

பதில்: பழம் வேறு, நீங்கள் வாங்கும் பொருள் வேறு. 100 கிராம் பச்சைப் பழத்தில் சர்க்கரை சுமார் 4 கிராம்தான். புளிப்பைத் தாங்க முடியாது என்பதால் சர்க்கரைப் பாகு சேர்த்து உலர்த்தப்படும் பழத்தில் அதுவே 70 கிராமை எட்டுகிறது. 'ஜூஸ் காக்டெயில்' என விற்கப்படும் பானங்களிலும் சாறு கால் பங்கு அளவே இருக்கும். மீதி தண்ணீரும் இனிப்பும்தான். தடுப்புக்காக எடுப்பதானால் உங்களுக்குக் கேப்ஸ்யூல் மேல். 'கிரான்பெர்ரி 500 மி.கி.' என்று மட்டும் அட்டையில் போட்டிருந்தால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. பல ஆய்வுகளில் பயன்பட்ட அளவான நாளொன்றுக்கு 36 மி.கி. புரோஆந்தோசயனிடின் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நம்மூர்க் களாக்காயும் கிரான்பெர்ரியும் ஒன்றுதான் என்கிறார்களே?

பதில்: இல்லை. களா அரளிக் குடும்பத்துச் செடி. கிரான்பெர்ரியோ புளூபெர்ரியின் உறவு. களாக்காய் ஊறுகாய்க்கு அருமையான காய்தான், ஆனால் மேலே சொன்ன ஆய்வு முடிவுகள் அதற்குப் பொருந்தா.

கேள்வி: இதய வால்வு அறுவைக்குப் பின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறேன். முன்பு சிறுநீரகக் கல்லும் இருந்தது. சாறு குடிக்கலாமா?

பதில்: வார்ஃபரினோடு அதிகம் குடித்தவர்களுக்கு இரத்தக்கசிவு நேர்ந்ததாக வந்த தகவல்களால், பிரிட்டன் 2003-இல் எச்சரிக்கை விடுத்தது. மிதமான அளவில் பின்னர் நடந்த சோதனைகள் அந்த அச்சத்தை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் செயற்கை வால்வு உள்ளவருக்கு இந்த முயற்சி வேண்டாம் என்பதே என் கருத்து; ஏற்கெனவே குடித்து வந்தால் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆக்சலேட் வகைக் கல் வந்தவர்களும் அடர்த்தியான சாற்றையும் கேப்ஸ்யூலையும் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: மாசசூசெட்ஸில் வசிக்கிறோம். இலையுதிர் காலத்தில் பச்சைப் பழம் மலிவாகக் கிடைப்பதால் ஊறுகாயும் பருப்பும் செய்கிறோம். இதிலும் மருத்துவப் பயன் உண்டா?

பதில்: 1816-இல் ஹென்றி ஹால் என்பவர் கேப் காட் பகுதியில் பயிரிடத் தொடங்கிய பழம் உங்கள் வாசலிலேயே விளையும்போது, சமைக்காமல் இருக்க முடியுமா? உள்ளே நான்கு காற்றறைகள் இருப்பதால் வாணலியில் போட்டதும் பட்பட்டென்று வெடித்து, பழத்தைக் கெட்டியாக்கும் பெக்டின் என்னும் பொருள் கசிந்து, தொக்கு தானே கெட்டியாகிவிடும். ஆனால் ஆய்வுகள் சாற்றையும் கேப்ஸ்யூலையும் கொண்டே நடந்தவை. ஊறுகாய்க்கு அந்தப் பலனைச் சொல்ல முடியாது. 100 கிராமில் 14 மி.கி. அளவே வைட்டமின் சி இருப்பதால் அதற்காகவும் இதைத் தேட வேண்டாம், கொய்யாவில் அதைப்போல் பல மடங்கு உண்டு. புளிக்கு மாற்றாகப் பருப்பில் சேர்ப்பதே என் தேர்வு; உப்பும் எண்ணெயும் ஊறுகாயைவிட வெகுவாகக் குறையும்.