தோட்ட வேலைக்கு மனநலச் சேவை எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. இங்கே மனநலச் சேவை என்பது, மனதை அழுத்துவதை ரகசியம் காக்கும் ஆலோசகரிடம் பேச முதலாளி செய்து தரும் ஏற்பாடு.

தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே இடம். காலையில் திட்டிய மண்டோரை (மேற்பார்வையாளரை) மாலையில் மளிகைக் கடையிலும் பார்த்தாக வேண்டும். அப்புறம் தூக்கம் எங்கே வரும்? தூங்காத கண்ணோடு அண்ணாந்து செம்பனைக் குலை வெட்டினால், குலை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. குலை வெட்டும் அரிவாளை முழுக்க மழுங்கிய பிறகா தீட்டுகிறோம்? மனசும் அப்படித்தான்.

தோட்டத்தில் வசதி இல்லையென்றால், சுகாதார அமைச்சின் ஹீல் 15555 மனநல உதவி எண்ணை அழைக்கலாம். 2022 முதல் இருக்கிறது.

ஆலோசகரிடம் போனால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது உட்கார்ந்து பேசுவது மட்டும்தான்.